கிரஹாம் பெல் என்றால் காது கேளாதோர் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

முதலில் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பதில் அந்தரத்தில் தொங்கும். ஏழாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள் பேச்சுப்போட்டிக்காக அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லைப் பற்றி எழுதியிருக்கிறாள். டெலிபோனைக் கண்டுபிடித்தார், அம்மாவுக்கும் மனைவிக்கும் காது கேட்காது, அதனால் வாழ்நாள் முழுக்கக் காது கேளாதோருக்காகவே உழைத்தார் என்று நாம் எல்லோரும் படித்த அதே கதை. பிறவியிலேயே காது கேளாத உங்கள் அக்கா அதை வாங்கிப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்து, "இந்த ஆளா?" என்பதுபோல் கையை உதறினாராம். ஏன் என்று தேடிப் பார்த்தால் ஒருவர் மகான் என்கிறார், இன்னொருவர் நாஜி என்கிறார், எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

அக்கா சுளித்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் இணையத்தில் பெல்மீது வீசப்படும் குற்றச்சாட்டுகளில் பாதி தவறு. அந்தத் தவறானவற்றை எல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மிஞ்சுவது கனமாகத்தான் இருக்கிறது.

குடும்பத்திலிருந்து தொடங்கினால்தான் புரியும். பெல் 1847-ல் எடின்பரோவில் பிறந்தவர். அம்மா எலிசாவுக்குக் காது மந்தம். குழல் வைத்துக்கொண்டுதான் கேட்பார், அதே குழலைப் பியானோமேல் வைத்து வாசிக்கவும் செய்வார். மற்றவர்கள் அந்தக் குழலுக்குள் கத்துவார்கள். பையன் மட்டும் அம்மாவின் நெற்றிக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய்த் தாழ்ந்த குரலில் பேசுவான், அதிர்வை அவரால் உணர முடியும் என்று. கைவிரல்களால் எழுத்துக் காட்டிப் பேசுவதும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்பா மெல்வில் பெல் உச்சரிப்பு ஆசிரியர். எந்த ஒலிக்கு நாக்கு எங்கே தொடும், உதடு எப்படிக் குவியும், மூச்சு எப்படிப் போகும் என்பதைப் படமாக்கிக் காட்டும் ஓர் எழுத்து முறையை உருவாக்கி 1867-ல் வெளியிட்டார். நம் இலக்கணத்தில் வல்லினம் நெஞ்சில், மெல்லினம் மூக்கில் என்று பிறப்பிடம் சொல்லிக்கொடுப்பார்களே, அதையே எழுத்தின் வடிவமாக வரைந்ததுபோல வைத்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்தைக் கொண்டு காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சு கற்பிக்கலாம் என்றுதான் மகன் 1871-ல் பாஸ்டனுக்குப் போனார். டெலிபோனெல்லாம் அதற்கு அப்புறம்.

டெலிபோனே அந்தக் குழந்தைகள் வழியாக வந்ததுதான். பணம் போட்ட இரண்டு பேரில் தாமஸ் சாண்டர்ஸ் அவருடைய காது கேளாத மாணவன் ஒருவனின் அப்பா, கார்டினர் ஹப்பர்ட் காது கேளாத மாணவி மேபலின் அப்பா. ஒலியின் வடிவத்தைக் குழந்தைகளுக்குக் கண்ணால் காட்ட முடியுமா என்று 1874-ல் ஒரு சோதனை செய்தார். பாஸ்டன் காது மருத்துவர் கிளாரன்ஸ் பிளேக் ஒரு பிணத்தின் காதை எடுத்துக் கொடுக்க, அதன் சின்ன எலும்பில் ஒரு வைக்கோல் துரும்பை ஒட்டி, செவிப்பறைக்கு எதிரே கத்தினால் அந்தத் துரும்பு கரி படிந்த கண்ணாடியில் அலையலையாகக் கோடு கிழிக்கும். இத்தனை மெல்லிய தோல் இத்தனை எலும்பை அசைக்கிறதே என்ற வியப்பிலிருந்துதான் டெலிபோன் யோசனை அவருக்கு வந்தது. 1876-ல் காப்புரிமை, 1877-ல் மேபலுடன் திருமணம். கடைசிவரை தொழில் என்ன என்று கேட்டால் "காது கேளாதோர் ஆசிரியர்" என்றுதான் சொல்வார், அது நடிப்பும் இல்லை.

சரி, இவ்வளவு பாசமுள்ள மனிதர்மேல் என்ன கோபம்?

மேபலுக்கு ஸ்கார்லெட் காய்ச்சலில் காது போனது ஐந்து வயதில். அதற்குள் ஆங்கிலம் முழுசாக வாய்க்கு வந்துவிட்டிருந்தது. அம்மா எலிசாவும் வாயால் பேசியவர். ஆகப் பெல் மிக நெருக்கமாக அறிந்த இரண்டு பெண்களும் மொழியோடு இருந்தவர்கள், ஒலி மட்டும் போய்விட்டிருந்தது. பிறவியிலேயே கேட்காத குழந்தையின் நிலை வேறு. அதற்கு ஒலியும் இல்லை, மொழியும் இன்னும் வரவில்லை. மேபலைக் காட்டி, பாருங்கள், உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்கிறாள், எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படிக் கற்பிக்கலாம் என்பது, நீச்சல் தெரிந்து கால் உடைந்தவர் கரையேறியதைக் காட்டி, நீச்சலே தெரியாத பிள்ளையைக் கிணற்றில் தள்ளுவது மாதிரி.

உதட்டசைவை வைத்துப் பேச்சைப் புரிந்துகொள்வது எப்படி என்று அறிய ஒரு சோதனை. கண்ணாடி முன்னால் நின்று சத்தம் வராமல் "பாலை" என்று சொல்லுங்கள். அடுத்து "மாலை". மறுபடி "படம்", "மடம்". உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். வித்தியாசம் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கிறது, கண்ணாடியில் தெரியாது. "கடை", "தடை" சொல்லிப் பாருங்கள், நாக்கு உள்ளே செய்யும் வேலை வெளியே எவ்வளவு தெரிகிறது என்று. தமிழ் தெரிந்த நீங்களே ஊகித்துத்தான் நிரப்ப வேண்டும். தமிழே இன்னும் தெரியாத மூன்று வயதுப் பிள்ளை எதை வைத்து ஊகிக்கும்?

பெல்லின் பக்கம் இருந்த பள்ளிகள் இதைத்தான் செய்தன. குழந்தையின் கையை எடுத்து ஆசிரியையின் தொண்டையில் வைப்பார்கள். உதட்டுக்கு முன்னால் ஓர் இறகு, மூச்சு சரியாக வந்தால் அது ஆடும். வாய்க்குள் சின்னக் கரண்டியை விட்டு நாக்கை நகர்த்துவார்கள். ஒரு சொல்லைப் பழகவே எத்தனையோ நாள் போகும், அதே நேரத்தில் கேட்கும் பிள்ளை கணக்கும் கதையும் படித்துக்கொண்டிருக்கும். இதற்கு நடுவில் இரண்டு பிள்ளைகள் சைகையில் பேசிக்கொண்டால் கையில் அடி, சில இடங்களில் கையைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார வேண்டும். உங்கள் அக்கா வயதுக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், அடி வாங்கிய கதை யாரிடமாவது இருக்கும்.

இப்போது 1883-க்கு வருகிறேன், வழக்கின் நடுப்புள்ளி அதுதான். அந்த நவம்பரில் நியூஹேவனில், அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் கூட்டத்தில் பெல் ஓர் ஆய்வுரை வாசித்தார். தலைப்பைத் தமிழில் சொன்னால், "மனித குலத்தில் ஒரு செவிட்டு வகை உருவாவது பற்றி". "வகை" என்ற சொல்லைக் கவனியுங்கள், நாயிலும் மாட்டிலும் சொல்வது போன்ற அர்த்தத்தில்தான். பள்ளிப் பதிவேடுகளை எடுத்து, ஒரே குடும்பப் பெயர் எத்தனை முறை வருகிறது, எத்தனை பேருக்கு உறவில் காது கேளாதவர் இருக்கிறார் என்றெல்லாம் எண்ணினார். காது கேளாதவர்கள் தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்கிறார்கள், இப்படியே போனால் தனி இனமாகிவிடுவார்கள் என்பது அவர் முடிவு. ஏன் தங்களுக்குள் செய்துகொள்கிறார்கள்? அதற்கும் பட்டியல் போட்டார்: ஒன்றாகத் தங்கிப் படிக்கும் விடுதிப் பள்ளிகள், பழைய மாணவர் கூட்டங்கள், சங்கங்கள், அவர்களுக்கென்று வரும் பத்திரிகைகள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சைகை மொழி. அப்புறம், அமெரிக்காவில் காது கேளாதோருக்குக் கற்பிப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தாமே காது கேளாதவர், இதையும் தவிர்க்க வேண்டும் என்றார்.

அந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். ஒரு சமூகம் சமூகமாக இருக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அதில் இருக்கிறது. பெல்லுக்கு அவையெல்லாம் நோய்க்கான காரணங்கள்.

சட்டம் போட்டுத் திருமணத்தைத் தடுக்கச் சொன்னாரா? இங்கேதான் இணையம் பிசகுகிறது. அப்படிப்பட்ட சட்டத்தைப் பற்றி அந்த உரையில் எழுதினார். ஆனால் பிறவிச் செவிடு என்று நிரூபிப்பது கஷ்டம், மீறுவார்கள், கல்யாணமாகாமலே சேர்ந்து வாழ்வார்கள் என்று சிக்கல்களையும் அடுக்கிவிட்டு, நல்லபடியாக எடுத்துச் சொல்லலாம், தகவல் இன்னும் சேர்க்க வேண்டும் என்ற அளவில் நிறுத்தினார். 1891-ல் வாஷிங்டனில் காது கேளாத கல்லூரி மாணவர்கள் முன்னால் திருமணம் பற்றிப் பேசியபோதும், உங்கள் சுதந்திரத்தில் தலையிடும் எண்ணம் எனக்கில்லை, யாரை வேண்டுமானாலும் மணக்கலாம், பின்விளைவை மட்டும் யோசியுங்கள் என்றுதான் சொன்னார். கருத்தடை அறுவை செய்யச் சொன்னார் என்பதும் தவறு. அவர் கேட்டது வேறு: விடுதிப் பள்ளிகளைக் கலைத்து ஊருக்கு ஊர் சின்னச் சின்னப் பகல்நேரப் பள்ளிகளாக்குவது, சைகையை ஒழிப்பது, காது கேளாத ஆசிரியர்களை வேலையிலிருந்து நீக்குவது. கல்யாணத்தைத் தடுக்க வேண்டாம், ஒருவரை ஒருவர் சந்திக்காமல் செய்துவிட்டால் போதும் என்ற கணக்கு. எனக்கு அந்தச் சட்டத்தைவிட இது பயங்கரமாகப் படுகிறது, ஏனென்றால் சட்டம் போட்டிருந்தால் எதிர்த்திருக்கலாம், இதை "நல்ல கல்வி" என்று பெற்றோர்களே வரவேற்றார்கள்.

யூஜெனிக்ஸ், அதாவது நல்ல வம்சம் பார்த்து மனிதரைப் பெருக்குவது என்ற கொள்கையில் அவர் கைநனைத்தது உண்மைதான். அமெரிக்க யூஜெனிக்ஸ் பதிவு அலுவலகத்தின் அறிவியல் ஆலோசகர் குழுவுக்குத் தலைவராக இருந்தார், 1921-ல் நியூயார்க்கில் நடந்த இரண்டாவது உலக யூஜெனிக்ஸ் மாநாட்டில் கௌரவத் தலைவர். கட்டாயக் கருத்தடையை அவர் ஆதரிக்கவில்லை, ஆனால் அதை ஆதரித்தவர்களின் மேடைக்கு அவர் பெயர் மரியாதை சேர்த்தது. அவர் இறந்து 11 ஆண்டு கழித்து, 1933-ல், ஜெர்மனியில் வந்த சட்டம் பரம்பரைச் செவிட்டையும் பட்டியலில் சேர்த்து ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கருத்தடை செய்தது. அதைப் பெல்லின் கணக்கில் எழுதுவது அநியாயம். ஆனால் அந்தக் காலத்துக் காற்று அப்படி, அவர் பாவம் என்ன செய்வார் என்று விட்டுவிடவும் முடியாது, காற்றை ஊதியவர்களில் அவரும் ஒருவர். இதோடு சேர்த்து இன்னொன்று: கனடாவில் நோவா ஸ்கோஷியாவில் இருந்த தன் எஸ்டேட்டில் முப்பது வருஷம் ஆடு வளர்த்தார், கூடுதல் காம்புள்ள ஆடுகளாகப் பொறுக்கி இணைசேர்த்தால் இரட்டைக் குட்டி அதிகம் வருமா என்று பார்க்க. காம்புகள் கூடின, இரட்டைக் குட்டி எதிர்பார்த்தபடி வரவில்லை.

பரம்பரை பற்றி அவர் போட்ட கணக்கு சரியா என்றால், பெரும்பகுதி இல்லை. பிறவிச் செவிட்டில் பல வகைகளில், அப்பா அம்மா இருவருக்கும் நன்றாகக் காது கேட்கும், இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணு பிள்ளையிடம் சேரும்போதுதான் வெளிப்படும். மெண்டலின் ஆய்வு 1866-லேயே வெளிவந்தும் 1900 வரை யாரும் கவனிக்காமல் கிடந்ததால், 1883-ல் பெல்லுக்கு இது தெரிய வழியில்லை, அதை ஒத்துக்கொள்ளலாம். ஆனால் 1898-ல் எட்வர்ட் ஆலன் ஃபே என்பவர் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட திருமணங்களை ஆராய்ந்து புத்தகம் போட்டார், காது கேளாமை பற்றிய தகவல்களைத் திரட்டப் பெல் நிறுவிய வோல்டா பீரோவின் செலவிலேயே. விவரம் கிடைத்த திருமணங்களில் பத்தில் ஒன்பதில் காது கேளாத பிள்ளையே பிறக்கவில்லை. இருவரும் காது கேளாதவராக இருந்தால் ஆபத்து கூடுதல் என்றும் வரவில்லை. தன் காசில் வந்த இந்த முடிவுக்குப் பிறகும் பெல் பெரிதாக மாறவில்லை.

எனக்கு இந்தக் கதையில் மனசு ஆறாத இடம் மார்த்தாஸ் வின்யார்ட் தீவு. மாசசூசெட்ஸ் கடலோரத்தில் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்ததில், சில்மார்க் என்ற ஊரில் 25 பேருக்கு ஒருவர் காது கேளாதவர். அமெரிக்காவின் மற்ற இடங்களில் ஏறக்குறைய 6,000 பேருக்கு ஒருவர். விளைவு என்ன தெரியுமா? ஊரே சைகை பேசியது. காது கேட்பவர்களும்தான். மீன்பிடி படகுக்குப் படகு சைகை, கடையில் சைகை, காது கேட்கிற இரண்டு பேர் தங்களுக்குள் பேசும்போதுகூட இடையிடையே சைகை. பிற்காலத்தில் அங்கிருந்த வயதானவர்களிடம், இன்னார் காது கேளாதவரா என்று விசாரித்தால் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்ததாம், அவர்களுக்கு அது நினைவில் நிற்கும் விஷயமே இல்லை. 1880-களில் பெல் இந்தத் தீவுக்கு ஆராய்ச்சிக்குப் போயிருக்கிறார். வம்சாவளிகளை எழுதி, யாருக்கு யார் பிறந்தார், எதில் காது போயிருக்கிறது என்று பக்கம் பக்கமாகக் குறித்தார். ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கேட்கிறது, அடுத்ததற்கு ஏன் கேட்கவில்லை என்ற முடிச்சு அவிழாமல் திரும்பினார். காது கேளாமை யாருக்கும் இடைஞ்சலாகவே இல்லாத ஓர் ஊர் அவர் கண்முன்னால் நின்றது. அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

அடுத்து 1880-ல் மிலானில் நடந்த காது கேளாதோர் கல்வி மாநாடு. இத்தாலியில் கூடிய 164 பேர், அவர்களில் காது கேளாதவர் ஜேம்ஸ் டெனிசன் என்ற ஒரே ஒருவர், சைகையைவிட வாய்ப்பேச்சே உயர்ந்தது என்று தீர்மானம் போட்டார்கள். ஐரோப்பாவெங்கும் சைகை ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். பெல்தான் அங்கே போய்ச் சைகையைத் தடை செய்தார் என்று பலர் எழுதுகிறார்கள். அவர் அந்த மாநாட்டுக்கே போகவில்லை; போன அமெரிக்கர்கள் தீர்மானத்தை எதிர்த்தவர்கள். ஆனால் அமெரிக்காவுக்குள் அதே காரியத்தை, டெலிபோன் தந்த பணத்தாலும் பேராலும், நாற்பது வருஷம் பொறுமையாகச் செய்தவர் பெல்தான். 1890-ல் பேச்சுக் கல்விக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார், இன்றும் அவர் பெயரில் இயங்குகிறது. 1891-ல் வாஷிங்டனில் இருந்த காது கேளாதோர் கல்லூரியின் தலைவர் எட்வர்ட் மைனர் காலடெட், அங்கே ஆசிரியர் பயிற்சி வகுப்பு தொடங்க அரசிடம் பணம் கேட்டபோது, பெல் நாடாளுமன்றக் குழு முன்னால் போய் எதிர்த்தார், காது கேளாதவர்கள் ஆசிரியர்களாகிவிடுவார்கள் என்று. காலடெட்டின் அம்மாவும் காது கேளாதவர்தான், அவர் சைகை பேசியவர். இரண்டு பிள்ளைகளும் எதிரெதிரே நின்றார்கள். (காலடெட்டும் சொக்கத் தங்கமில்லை, அந்தப் பயிற்சி வகுப்பில் காது கேட்பவர்களை மட்டும்தான் சேர்த்தார்கள்.) முதல் உலகப்போர் முடிவதற்குள் அமெரிக்காவின் காது கேளாத பிள்ளைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் சைகையே இல்லாத வகுப்பில் படித்தார்கள். காது கேளாத ஆசிரியர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். அதாவது தன்னைப் போலவே இருக்கும், வேலை பார்க்கும், ஜோக் அடிக்கும் ஒரு பெரியவரைப் பார்க்காமலேயே ஒரு பிள்ளை பள்ளியை முடித்துவிடும்.

காது கேளாதவர்கள் சும்மா இருக்கவில்லை. தேசியக் காது கேளாதோர் சங்கத்தின் தலைவராக இருந்த ஜார்ஜ் வெடிட்ஸ், நண்பன் வேஷத்தில் வருவதால்தான் பெல் எல்லோரையும்விடப் பயப்பட வேண்டிய எதிரி என்று எழுதினார். பள்ளிகளிலிருந்து சைகை அழிந்துபோனால் பிற்காலத்தவர் பார்க்கவாவது இருக்கட்டும் என்று, 1913-ல் கேமரா முன்னால் நின்று சைகையிலேயே பேசிப் படம் எடுத்து வைத்தார். அந்தப் படம் இன்றும் இருக்கிறது, மகளுக்குக் காட்டுங்கள், ஒரு சத்தமும் இல்லாமல் அந்த மனிதர் கொதிப்பது புரியும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1886-ல் ஆறு வயது ஹெலன் கெல்லரை அவர் அப்பா கொண்டுவந்து காட்டியபோது, பாஸ்டனில் இருக்கும் பார்வையற்றோர் பள்ளிக்கு எழுதச் சொல்லி வழிகாட்டியவர் பெல். அதன் வழியாகத்தான் ஹெலனின் ஆசிரியை ஆன் சல்லிவன் வந்தார். ஹெலன் தன் வாழ்க்கை வரலாற்றைப் பெல்லுக்கே காணிக்கையாக்கினார். ஆனால் இதிலும் ஒன்று கவனியுங்கள், ஹெலனுக்கு மொழி திறந்தது உள்ளங்கையில் விரலால் எழுத்துக் காட்டியதில், வாய்ப்பேச்சில் இல்லை. தனித்தனி மனிதராக வந்தால் பெல் உயிரைக் கொடுப்பார். கூட்டமாகச் சேர்ந்தால்தான் அவருக்கு உதறும். மேபலும் மற்ற காது கேளாதவர்களோடு பழகுவதைத் தவிர்த்தவர், அதைத் தானே எழுதியும் இருக்கிறார். அந்த வீட்டில் அதுதான் வெற்றியின் அடையாளம்: உன்னைப் பார்த்தால் காது கேளாதவள் மாதிரியே தெரியவில்லையே!

டெலிபோன் விஷயம் தனிக் கசப்பு. எல்லோருக்கும் வேலை, வியாபாரம், டாக்டர், சொந்தபந்தம் என்று அத்தனையும் போனுக்கு நகர்ந்தபோது காது கேளாதவர்கள் வெளியே நின்றார்கள். 1922 ஆகஸ்டில் பெல்லை அடக்கம் செய்த நேரத்தில், மரியாதைக்காக வட அமெரிக்காவின் டெலிபோன்களை ஒரு நிமிடம் நிறுத்தி வைத்தார்கள். காது கேளாதவர்களுக்கு அது 1876-லிருந்தே அப்படித்தான் இருந்தது. 1964-ல் ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற காது கேளாத இயற்பியலாளர், டெலிபோன் கம்பி வழியாகத் தட்டச்சு அனுப்பும் கருவியைச் செய்த பிறகுதான் அவர்கள் கைக்குப் போன் வந்தது.

பிற்பாடு நடந்ததைச் சுருக்கிவிடுகிறேன். 1960-ல் வில்லியம் ஸ்டோக்கி என்ற பேராசிரியர் அமெரிக்கச் சைகை மொழிக்குத் தனி இலக்கணம் இருக்கிறது என்று காட்டினார், முதலில் அவர் கல்லூரியிலேயே சிரித்தார்கள். 2010-ல் வான்கூவரில் கூடிய மாநாடு மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. சண்டை முடிந்ததா என்றால் இல்லை, காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி, வந்த பிறகு அதே கேள்வி புது உடுப்பில் நிற்கிறது. கருவி வைத்த பிள்ளைக்குச் சைகையும் சேர்த்துக் கற்பிக்கலாமா, சைகை தெரிந்தால் பேச்சு வராமல் போய்விடுமா என்று பெற்றோர்கள் பயப்படுகிறார்கள். காது கேளாத பிள்ளைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவர்கள், அவர்களுக்கு இந்தப் பயம் இயல்பு. கருவியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கேட்கப் பழகும் அந்த இரண்டு மூன்று வருஷம் பிள்ளை எந்த மொழியும் இல்லாமல் காத்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

மகளின் பேச்சை அடியோடு மாற்ற வேண்டாம். "காது கேளாதோருக்காகவே வாழ்ந்தார்" என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 1883-ஐயும் சில்மார்க்கையும் வைக்கச் சொல்லுங்கள். மேடையில் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் "பாலை, மாலை" என்று சொல்லி, நான் என்ன சொன்னேன் என்று கேட்டால் நடுவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். எழுதி முடித்ததும் அக்காவிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். மூன்று நிமிடம்தான் நேரம் என்றால் ஆட்டுக் கதையை விட்டுவிடலாம்.